கடன் வேறு, உரிமை வேறு: வேலையை விட்டு விலகும் நாளின் கணக்கு

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் தலைவிகள் கூட்டத்தில் எமது சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



சம்பளத்தைப் பற்றி நாங்கள் கூடும் இடமெல்லாம் பேசுகிறோம். பெரட்டுக் களத்திலும் பேசுகிறோம், கோயில் திருவிழாவிலும் பேசுகிறோம். வேலையை விட்டு இறங்கும் நாளைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. அந்த நாள் வந்த பிறகுதான் காரியாலயத்துக்கு ஓடி வருகிறோம். அதற்குள் பல பேர் கையெழுத்து வைத்து முடித்திருப்பார்கள். ஆகவே இன்றைக்கு அந்த ஒரு நாளின் கணக்கை மட்டும் எடுத்துப் பேசுவோம்.

முறைப்பாடு எப்படி வருகிறது என்று உங்களுக்குத் தெரியும். "சர்வீஸ் காசு கேட்டுப் போனோம். ஆபிசில் ஒரு தாளைக் காட்டினார்கள். தீபாவளி முற்பணம், அரிசி மா, ஆஸ்பத்திரிக்கு லொறி போன செலவு, மழை அங்கி, கூடை, பிள்ளைப்பேற்றுக்குக் கொடுத்த காசு என்று எல்லாவற்றையும் கூட்டி வைத்திருக்கிறார்கள். கழித்துப் பார்த்தால் கைக்கு வருவது கொஞ்சம்தான்." சில நேரம் அதையும் தாண்டி, "தோட்டம் உனக்காக இவ்வளவு செலவழித்திருக்கிறது, நீ இடையில் விட்டுப் போகிறாய், திருப்பிக் கட்டு" என்ற பேச்சும் வருகிறது.

இந்த இடத்தில் நாங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான். கொடுத்தது கடனா, உரிமையா? கடன் என்றால் மீதியைத் திருப்பிக் கொடுப்போம். வாங்கிய கடனைக் கொடுக்காதே என்று எமது சங்கம் ஒருபோதும் சொல்லித் தராது. ஆனால் உழைத்ததற்காகச் சட்டப்படி கிடைத்தது உரிமை. வேலையை விட்டதற்காக உரிமையை யாரும் திருப்பிக் கேட்க முடியாது. அந்தத் தாளில் இரண்டையும் ஒரே வரிசையில் எழுதிக் கூட்டுவதால்தான் குழப்பம் வருகிறது.

இந்தக் குழப்பம் எங்களுக்குப் புதியதல்ல. எங்கள் பாட்டன் பூட்டன்மார் தென்னிந்தியாவிலிருந்து கூட்டி வரப்பட்டபோது, கங்காணி கொடுத்த முற்பணம், பயணச் செலவு, வழியில் உண்ட சோறு, போர்த்திய கம்பளி என்று எல்லாமே அவர்கள் தலையில் கடனாக எழுதப்பட்டன. தோட்டத்துக்கு ஆள் தேவைப்பட்டது. அந்த ஆளைக் கொண்டு வந்த செலவோ ஆளின் பெயரிலேயே ஏறியது. வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் 'துண்டு' வேண்டும். இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிப்போம் என்று துரை எழுதிக் கொடுக்கும் காகிதம்தான் அந்தத் துண்டு. புதிய தோட்டம் கடனைக் கட்டும். கடன் தீராது, புதிய இடத்துக்கு மாறும், அவ்வளவுதான். அந்தத் துண்டு முறை 1921ஆம் ஆண்டு சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. நூறு வருடம் கடந்துவிட்டது. இன்றைக்கு ஒரு தொழிலாளி விலகும்போது, முதலாளி தன் கடமையாகச் செலவழித்ததையெல்லாம் கூட்டிக் கடன் என்று காட்டினால், அது அந்தத் துண்டின் பேரப்பிள்ளை என்றுதான் நாங்கள் சொல்வோம்.

இப்போது ஒவ்வொன்றாகப் பார்ப்போம். முதலில் கடன்.

தீபாவளி முற்பணம் கடன்தான். அதை மாதாமாதம் சம்பளத்தில் வெட்டுகிறார்கள். 10,000 ரூபா வாங்கினோம், மாதம் 1,000 ரூபா வீதம் ஏழு மாதம் வெட்டியாகிவிட்டது என்றால் மீதி 3,000 ரூபா. அந்த 3,000 ரூபாவை நாங்கள் கொடுக்க வேண்டும். ஆனால் தாளில் 10,000 என்று முழுதாக எழுதியிருந்தால் கேட்க வேண்டும். கேட்பதற்குக் கையில் சம்பளச் சீட்டு இருக்க வேண்டும். சம்பளச் சீட்டை அடுப்பு மூட்டவும் கடலை சுற்றவும் கொடுத்துவிட்டு, பிறகு சங்கத்திடம் வந்து "வெட்டினார்கள், ஆனால் எவ்வளவு என்று தெரியாது" என்று சொன்னால் எங்களுக்கும் கை கட்டிய நிலைதான்.

வீடு கட்ட வாங்கிய கடனும் கடன்தான். ஆனால் அது யாரிடம் வாங்கிய கடன் என்று பாருங்கள். தோட்டத் தொழிலாளர் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கத்திடமோ வங்கியிடமோ வாங்கியதாக இருந்தால், மீதி எவ்வளவு என்று அந்தச் சங்கமும் அந்த வங்கியும் எழுத்தில் தர வேண்டும். ஆபிசில் ஒருவர் வாயால் சொல்லும் தொகை கணக்காகாது.

அடுத்து உரிமை. இதில் நான்கைச் சொல்கிறோம்.

முதலாவது, பிள்ளைப்பேற்றுக் காசு. 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் முதலாளி கொடுக்க வேண்டிய கொடுப்பனவு இது. முன்பு மூன்றாவது பிள்ளையிலிருந்து லீவு பாதியாகக் குறைந்தது. 2018இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாட்கள். பிள்ளை பெற்ற பிறகு இத்தனை காலம் வேலை செய்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் காசைத் திருப்பித் தர வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் நிபந்தனை கிடையாது. குழந்தையைப் பார்க்க ஆளில்லாமல் ஒரு தாய் வேலையை விட்டால், அவர் எதையும் கடன்பட்டவராக விலகவில்லை. மாதர் தலைவிகள் இதை லயம் லயமாகச் சொல்ல வேண்டும். வெட்கத்தாலும் பயத்தாலும் வாய் திறக்காமல் போவது பெரும்பாலும் இளம் தாய்மார்தான்.

இரண்டாவது, ஊழியர் சேமலாப நிதி. நாங்கள் ஈ.பி.எப். என்கிறோம். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம். குறைந்தது நூற்றுக்கு 8 எங்கள் சம்பளத்திலிருந்து போகிறது, குறைந்தது நூற்றுக்கு 12 முதலாளி போட வேண்டும். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபா நாட்சம்பளத்தை உதாரணத்துக்கு எடுங்கள். ஒரு பேருக்கு எங்கள் பங்கு 108 ரூபா, முதலாளியின் பங்கு 162 ரூபா. அந்த 162 ரூபா முதலாளி போட்ட தர்மம் அல்ல. அதை எங்கள் சம்பளத்தில் வெட்டி எடுக்கவும் சட்டம் இடம் கொடுக்கவில்லை. வேலையை விட்டாலும் அந்தக் காசு எங்கள் பெயரில்தான் இருக்கும். அது இருப்பது மத்திய வங்கியின் பொறுப்பில், தோட்ட ஆபிசின் லாச்சியில் அல்ல. சில தோட்டங்களில் இதற்குப் பதிலாக அங்கீகாரம் பெற்ற தனி நிதிகள் இருக்கின்றன. அங்கும் காசு தொழிலாளியுடையதுதான். ஆகவே "உன் ஈ.பி.எப்.பில் கழித்துக்கொள்கிறோம்" என்று யாராவது சொன்னால் பயப்பட வேண்டாம். பொதுவாக ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் வேலையிலிருந்து விலகும்போது இதை எடுக்கலாம். திருமணத்தின் காரணமாக வேலையை விடும் பெண்களும் கோரலாம். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போகும் எங்கள் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, ஊழியர் நம்பிக்கை நிதி, ஈ.ரி.எப். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம். நூற்றுக்கு 3, முழுவதும் முதலாளி போடுவது. 1,350 ரூபாவுக்கு 40 ரூபா 50 சதம். எங்கள் சம்பளத்திலிருந்து சதமும் போகக் கூடாது. வயது வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. வேலையை விட்டதும் கோரலாம். ஆனால் ஐந்து வருடத்துக்கு ஒரு முறைதான் எடுக்க முடியும். ஆகவே அவசரம் இல்லாவிட்டால் யோசித்து எடுங்கள்.

நான்காவதுதான் பெரியது. பணிக்கொடை, நாங்கள் சர்வீஸ் காசு என்று சொல்வது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்த இடத்தில், ஐந்து வருடம் பூர்த்தியாக வேலை செய்தவருக்கு இது உண்டு. முதலாளி நிறுத்தினாலும், வயதாகி ஓய்வு பெற்றாலும், தானாகவே விலகினாலும் உண்டு. தொழிலாளி இறந்து போனால் வாரிசுகளுக்கு உண்டு. "நீயாகத்தானே போகிறாய், உனக்கு ஏது சர்வீஸ்" என்று சொன்னால் அது சட்டம் அல்ல, வெறும் வாய்ப்பேச்சு.

கணக்கு இதுதான். நாட்சம்பளக்காரருக்கு ஒரு வருடத்துக்கு 14 நாள் சம்பளம், கடைசியாகப் பெற்ற சம்பளத்தின்படி. 28 வருடம் மலையில் ஏறி இறங்கிய ஒரு தாய் 1,350 ரூபா சம்பளத்தில் விலகுகிறார் என்று வையுங்கள். 14 நாளுக்கு 18,900 ரூபா. அதை 28ஆல் பெருக்கினால் 5 இலட்சத்து 29 ஆயிரத்து 200 ரூபா. சம்பளம் கூடினால் தொகையும் கூடும். எத்தனை வருடச் சேவை என்று ஆபிஸ் எழுதுகிறது என்பதையும் பாருங்கள். பேர் பதிந்த திகதியை ஒரு வருடம் தள்ளி எழுதினால் 18,900 ரூபா போய்விடும்.

இந்தக் காசை வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். பிந்தினால் மேலதிகக் கட்டணம் சேரும். தாமதத்தைப் பொறுத்து அது நூற்றுக்கு 10இல் தொடங்கி, ஒரு வருடம் கடந்தால் நூற்றுக்கு 30 வரை போகும். நாங்கள் சொன்ன அந்தத் தாய்க்கு ஒரு வருடத்துக்கு மேல் இழுத்தடித்தால், சேர வேண்டியது இன்னும் 1 இலட்சத்து 58 ஆயிரத்து 760 ரூபா. "காசு வந்ததும் தருகிறோம், மாதம் மாதம் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்" என்று சொல்லும்போது இந்தத் தொகையை நினைவில் வையுங்கள்.

பணிக்கொடையை முதலாளி எப்போது பிடிக்கலாம்? அதையும் சட்டம் சொல்கிறது. மோசடி செய்தார், முதலாளியின் காசைக் கையாடினார், வேண்டுமென்றே சொத்துக்குச் சேதம் செய்தார், பொருட்களுக்கு இழப்பு ஏற்படுத்தினார் என்ற காரணங்களுக்காக ஒருவர் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டால், ஏற்பட்ட நட்டத்தின் அளவுக்குப் பணிக்கொடையை இழப்பார். நட்டத்தின் அளவுக்கு மட்டும்தான். அந்த வரிசையில் தீபாவளி முற்பணம் இல்லை. லொறிச் செலவு இல்லை. பிள்ளைப்பேற்றுக் காசு இல்லை. பயிற்சிச் செலவும் இல்லை. தேய்ந்துபோன கூடையும் கிழிந்த மழை அங்கியும் வேலை செய்ததால் தேய்ந்தவை. வேண்டுமென்றே யாரும் அவற்றைக் கிழிக்கவில்லை.

பயிற்சிச் செலவு என்றோமே, அதையும் கொஞ்சம் பேச வேண்டும். இப்போது எங்கள் பிள்ளைகள் பிள்ளைக் காம்பராவிலும் ஆபிசிலும் வேலை பெறுகிறார்கள். கொழும்புக் கடைகளிலும் ஹோட்டல்களிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் இருக்கிறார்கள். சேரும்போதே ஒரு பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். இரண்டு வருடத்துக்குள் விலகினால் பயிற்சிக்குச் செலவான காசைக் கட்ட வேண்டும் என்று அதில் இருக்கும். கையெழுத்து வைத்த பத்திரத்தை வெறும் காகிதம் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். அப்படிச் சொல்லிப் பிள்ளைகளை வழக்கில் மாட்டிவிடவும் மாட்டோம். ஆனால் கேட்க வேண்டியவை இருக்கின்றன. அந்தப் பயிற்சி உண்மையில் வெளியே அனுப்பிக் காசு கட்டிப் படிப்பித்த பயிற்சியா, அல்லது வேலை செய்துகொண்டே பக்கத்தில் நின்று பழகியதா? கட்டியதற்குப் பற்றுச்சீட்டு எங்கே? இரண்டு வருடத்தில் ஒன்றரை வருடம் வேலை செய்தவரிடமும் முழுத் தொகையைக் கேட்பது என்ன நியாயம்? இவற்றுக்குப் பதில் எழுத்தில் வரட்டும். அதற்குப் பிறகும் காசு வர வேண்டும் என்று முதலாளி நினைத்தால், அதை நிரூபித்துக் கேட்பதற்கு நீதிமன்றம் இருக்கிறது.

அதை விட்டுவிட்டு, உழைத்து முடித்த கடைசி மாதச் சம்பளத்தைப் பிடித்து வைக்கிறார்கள். அடையாள அட்டையையும் படிப்புச் சான்றிதழையும் லாச்சியில் பூட்டி வைக்கிறார்கள். இவை கடனுக்கு ஈடு வைக்கும் நகை அல்ல. சம்பளத்தில் எதை வெட்டலாம் என்பதற்கும் சட்டம் உண்டு. நினைத்ததையெல்லாம் வெட்ட முடியாது. பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: பத்திரத்தில் கையெழுத்து வைப்பதற்கு முன் ஒரு பிரதி வாங்க வேண்டும். சான்றிதழின் மூலப் பிரதியை ஒருபோதும் கொடுக்கக் கூடாது. போட்டோப் பிரதி போதும்.

நிர்வாகத் தரப்பிலும் ஒரு நியாயம் சொல்வார்கள். அதை நாங்கள் கேட்காமல் விடவில்லை. "ஒருவருக்காகச் செலவழிக்கிறோம், அவர் அடுத்த மாதமே போய்விட்டால் எங்களுக்கு நட்டம்தானே?" என்கிறார்கள். உண்மைதான், ஆள் போனால் வேலை தடைப்படும். ஆனால் மருந்துக்கும் பிரசவத்துக்கும் சேமலாபத்துக்கும் செலவழித்தது நாளைக்கு வரப்போகும் உழைப்புக்கான முற்பணம் அல்ல. அது நேற்றுவரை கொடுத்த உழைப்போடு சேர்ந்து வந்த கடமை. மலையிலிருந்து இறங்கிய கொழுந்து தேயிலையாகி விற்றும் போய்விட்டது. அந்தக் கணக்கை யாரும் திருப்பிப் புரட்டுவதில்லை. எங்கள் பக்கத்தை மட்டும் ஏன் புரட்ட வேண்டும்?

இனி, அந்த நாள் வந்தால் என்ன செய்வது? கமிட்டித் தலைவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று. கணக்கை எழுத்தில் கேளுங்கள். எது எந்தத் திகதியில் கொடுத்தது, எவ்வளவு வெட்டியாயிற்று, மீதி எவ்வளவு என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும். "முற்பணமும் இதர செலவும்" என்று ஒரே வரியில் எழுதியதை ஏற்க வேண்டாம்.

இரண்டு. அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டு வந்து, நடுவில் கோடு போட்டு, ஒரு பக்கம் கடன், மறுபக்கம் உரிமை என்று பிரித்து எழுதுங்கள். வீட்டில் ஏ.எல். படிக்கும் பிள்ளை இருந்தால் அந்தப் பிள்ளையைக் கொண்டு எழுதுவியுங்கள். கடன் பக்கத்தில் உண்மையான மீதி இருந்தால் கொடுத்துவிட்டுப் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

மூன்று. "எனக்குரிய எல்லாக் காசையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற தாளில் காசு கைக்கு வருவதற்கு முன் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டாம். ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ இருந்தால், வாசித்துச் சொல்ல ஆள் வரும்வரை வைக்க வேண்டாம். வெற்றுத் தாளில் ஒருபோதும் வைக்க வேண்டாம். ஐந்து வருடம் நிறைய ஒரு மாதம், இரண்டு மாதம் இருக்கும்போது விலகல் கடிதம் எழுதவும் அவசரப்பட வேண்டாம்.

நான்கு. லயத்து வீட்டு விடயத்தைச் சர்வீஸ் காசோடு சேர்த்துப் பேசினால், அந்த இடத்திலேயே சரி என்றும் சொல்ல வேண்டாம், இல்லை என்றும் சொல்ல வேண்டாம். சங்கத்துக்கு வாருங்கள். அது குடும்பத்துக்குக் குடும்பம் தனியாகப் பார்க்க வேண்டிய விடயம்.

ஐந்து. 30 நாள் கடந்தும் பணிக்கொடை வரவில்லை என்றால், உங்கள் பகுதித் தொழில் அலுவலகத்தில் முறையிடலாம். தமிழிலேயே எழுதலாம். தொழில் ஆணையாளர் விசாரித்து, கொடுக்காத முதலாளியிடமிருந்து நீதிமன்றம் மூலம் அறவிட சட்டத்தில் வழி உண்டு. அநியாயமாக வேலை நீக்கினார்கள் என்றால் தொழில் நியாய மன்றுக்குப் போகலாம். ஆனால் அதற்கு ஆறு மாதம்தான் தவணை. தீபாவளி முடியட்டும், பொங்கல் முடியட்டும் என்று தள்ளிப்போட்டால் தவணை போய்விடும்.

ஆறு. சம்பளச் சீட்டு, வேலைக்குப் பேர் பதிந்த விபரம், ஈ.பி.எப். இலக்கம், வருடக் கணக்குக் கூற்று, அடையாள அட்டைப் பிரதி ஆகியவற்றை ஒரு பொலித்தீன் பையில் போட்டு, மழை ஒழுகாத இடத்தில் வையுங்கள். பெயரும் பிறந்த திகதியும் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர் என்று இருந்தால், ஓய்வு பெறும் வயதில் அதைத் திருத்த அலைவது பெரிய பாடு.

தோழர்களே, தாய்மார்களே, கடைசியாக ஒன்று. இந்தக் கணக்கைத் தனியாக ஆபிசுக்குப் போய்க் கேட்பது எங்கள் ஆட்களுக்குக் கஷ்டம். முப்பது வருடம் "ஐயா" என்று கைகட்டி நின்ற இடத்தில் திடீரென்று "இந்த வரி பிழை" என்று சொல்ல நாக்கு வராது. அதற்காகத்தான் கமிட்டி இருக்கிறது. உங்கள் டிவிஷனில் இந்த வருடம் ஓய்வு பெறப் போகிறவர்கள் யார், விலகப் போகிறவர்கள் யார் என்று இன்றே ஒரு பட்டியல் எழுதுங்கள். அவர்கள் ஆபிசுக்குப் போகும் நாளில் ஒரு தலைவர் கூடப் போக வேண்டும். சண்டைக்காக அல்ல. பக்கத்தில் நின்று, "இது கடன், இது உரிமை" என்று வரிவரியாக விரல் வைத்துக் காட்டுவதற்காக.